பம்பு அறையோர மணல்

மணல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. கல்யாணமான புதிதில் இதைப் புரிந்துகொள்ள மாமனார் படாத பாடு பட்டார். புரிந்த பிறகு விடவில்லை. "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நம்ம மாப்பிள்ளைக்கு அதைப் பாக்கத்தான் சம்பளமே குடுக்குறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் நதிமூலம் என்று ஆனவர், அது எப்படியோ கசிந்து ஆய்வுக்கூடத்திலும் நதிமூலம் ஆனார். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

பெருமைப்படக் காரணம் இல்லாமலும் இல்லை. பாலைவனத்தின் நட்டநடுவே ஒரு காலத்தில் நதி ஓடியது என்று சொன்னவர் அவர். தண்ணீர் இல்லை, கரை இல்லை, ஒரு கூழாங்கல்கூட இல்லை. ஒரே ஒரு பை மணலை வைத்துக்கொண்டு சொன்னார். மணலுக்குள் சிர்கான் என்று ஒரு பொடி மணி இருக்கும். பாறை நொறுங்கி, ஆற்றில் உருண்டு, எங்கே போய் விழுந்தாலும் அது தன் வயதை மட்டும் மறக்காது. வயது தெரிந்தால் எந்த மலையின் பிள்ளை என்று சொல்லிவிடலாம். பாலைவனத்தைச் சுற்றியுள்ள குன்றுகளின் மணிகள் எல்லாம் கிழடு. தொலைதூரத்துக் கிழக்கு மலைகளின் மணிகள் இளசு. நதிமூலம் கொண்டுவந்த பையில் பாதிக்குப் பாதி இளசு இருந்தது. அவ்வளவு பெரிய மணிகளை அவ்வளவு தூரம் காற்று தூக்கி வராது. நதிதான் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். வேறு யார் போடுவார்கள்? ஆய்வுக்கூடத்தின் வரவேற்பறையில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டி, கிழக்கிலிருந்து மேற்காக நீலத்தில் ஒரு கோடு போட்டார்கள். பார்க்க வருகிறவர்களை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர் வரவேற்பார். தற்செயலாக அங்கே நிற்பது போலவே இருக்கும்.

அந்தக் கோட்டில் கைவைத்தவன் அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவனும் அதே படிப்பு. அதே ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. சேர்த்துவிட்டது நதிமூலம்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். சகலைக்குப் பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் பதில் வந்திருக்கும். அவன் தன் ஆராய்ச்சிக்காகப் பாலைவனத்தில் ஏழெட்டு இடங்களில் மணல் எடுத்தான். சலித்தான், கழுவினான், நுண்ணோக்கிக்குக் கீழே ஊசி முனையால் மணி மணியாகப் பொறுக்கினான், வயது பார்த்தான். எல்லாம் கிழடு. மருந்துக்குக்கூட ஒரு இளசு இல்லை.

"அண்ணே, நான் எடுத்த எடத்துல எல்லாம் நம்ம குன்றோட மணிதான் வருது. ஆறு வந்த மாதிரியே தெரியல" என்றான்.

நதிமூலத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு காரணமும் கிடைத்தது.

"போன வாரம் அதே சல்லடையிலதான் குன்றுப் பாறையப் பொடிச்சுச் சலிச்சாங்க. நீ அதை ஒழுங்காக் கழுவினியா?"

"கழுவினேன் அண்ணே."

"கழுவினேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. சல்லடைக் கண்ணுல சிக்கிக் கெடந்ததெல்லாம் உன் மணல்ல கொட்டியிருக்கு. அதை எண்ணிட்டு ஆறு இல்லங்கிற."

இதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். நம்பியதைத் தப்பென்று சொல்ல முடியாது. நம்பியதைக் கொண்டுபோய் எங்கெல்லாம் வைத்தார் என்பதுதான் விஷயம். ஆய்வுக்கூடத்தில் டீ நேரத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். சல்லடையக் கழுவாதவனுக்கு என் ஆறு பொய்யாம்" என்றார். மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து சின்ன மாப்பிள்ளைக்குச் சல்லடை என்று பேர். "சல்லடைக்கு இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று அவர் மகளிடம் சொல்வார். சகலையும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பான். கொழுந்தியா மட்டும் சிரிக்க மாட்டாள். குனிந்து தட்டில் எதையோ தேடுவாள்.

அந்த வருஷக் கடைசியோடு அவனுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். துறைத்தலைவி நதிமூலத்தைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். "நல்ல பையன்தான் மேடம். வேலையில சுத்தம் போதாது" என்றார் அவர். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டாத தன் நேர்மையை நினைத்து அவருக்கே கொஞ்சம் புல்லரித்தது.

துறைத்தலைவி லேசில் மசிகிற ஆள் இல்லை. "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவரு ஒண்ணு சொல்றாரு. ரெண்டு பேரும் சேர்ந்து போயி, உங்க எடத்துலயே திரும்ப எடுத்துட்டு வாங்க. அதைப் பாத்துட்டு நேர்முகத் தேர்வு வச்சுக்கலாம்."

"ரொம்ப நல்லது" என்றார் நதிமூலம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது அவருக்கு.

போகும் வழியெல்லாம் ஜீப்பில் அவர்தான் பேசினார். மணல் எடுப்பது எப்படி, மேல்மண்ணை எவ்வளவு வழித்துத் தள்ள வேண்டும், பையைத் திறக்கும் முன் கையை எப்படித் தட்ட வேண்டும் என்று, பல் தேய்க்கச் சொல்லித் தருவது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். சகலை வண்டி ஓட்டினான். "சரிங்க அண்ணே" என்றான். தார்ச் சாலை முடிந்து, மண் தடம் முடிந்து, அப்புறம் ஜி.பி.எஸ். கருவி காட்டிய திசையில் போய் நின்றார்கள்.

இடம் அவருக்கு அத்துப்படி. தாழ்வான ஒரு மணல்மேடு. அதன் ஓரத்தில் கால்நடைகளுக்குத் தண்ணீர் இறைக்கக் கட்டிய சின்னப் பம்பு அறை. இப்போது கூரை போய்விட்டது, கதவும் போய்விட்டது, நாலு சுவர்தான் மிச்சம். அவர் முதலில் வந்தபோது அது புத்தம்புதிதாக இருந்தது. சுவரில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. அந்த நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மணல் எடுத்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே அதெல்லாம் ஞாபகம் வந்தது, ஆனால் வெறும் ஞாபகமாகத்தான் வந்தது.

"நீ பையை எடுத்துட்டு வா. நான் தோண்டுறேன். எப்படித் தோண்டணும்னு பாத்துக்கோ" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

மேல்மண்ணை வழித்தார். முழங்கை ஆழத்துக்குப் போனதும் மண்வெட்டி எதிலோ 'ணங்' என்றது. பாலைவனத்தில் நல்ல மணல்மேட்டில் மண்வெட்டி ணங் என்று சொல்லாது. குனிந்து கையால் தோண்டினார். தேங்காய் அளவில் ஒரு கட்டி. புரட்டினார். உறைந்துபோன சிமெண்ட். அதன் ஒரு பக்கத்தில் சாக்கின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே பழுப்பு மணல். மேலே இருந்த மணல் மாதிரி இல்லை. முரடாக, கழுவிய மாதிரி, நடுநடுவே சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகளோடு. வீடு கட்டுகிறவர்கள் வாசலில் குவித்து வைப்பார்களே, அந்த மணல்.

ஆற்று மணல்தான். சந்தேகமே இல்லை. கிழக்கு மலையிலிருந்து வருகிற ஆற்றின் மணல்தான். லாரியில் வந்திருந்தது.

பம்பு அறை கட்டியது போக மிஞ்சியதை அங்கேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்று அதைப் பரப்பி மேடாக்கியிருக்கிறது. மெத்தப் படித்த ஒருவர் வந்து அதைப் பையில் அள்ளிக்கொண்டு போய், வயது பார்த்து, நீலக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார்.

காதுமடல் இரண்டும் சுட்டன. அந்த நேரத்தில் அவருக்கு வந்த முதல் நினைப்பு அறிவியலைப் பற்றியதல்ல. வரவேற்பறையில் யார் யார் சிரிப்பார்கள் என்பதுதான். அப்புறம் நடந்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் யோசிக்காமல் செய்வதில்தானே மனுஷன் யார் என்று தெரிகிறது. பூட்ஸ் காலால் பக்கத்து மணலைச் சரேலென்று குழிக்குள் தள்ளினார். கட்டி மறைந்தது. இன்னொரு தடவை தள்ளினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதையே செய்தார்.

நிமிர்ந்தால், பின்னால் சகலை நின்றுகொண்டிருந்தான். கையில் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"இந்த எடம் வேணாம் தம்பி" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வேர் கீர் ஏதோ கெடக்கு. கொஞ்சம் தள்ளி எடுப்போம்."

ஒரு புல்கூட முளைக்காத இடம் அது. சகலை அந்த மேட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"சரிங்க அண்ணே" என்றான்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். என்ன வேர் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார், கோபத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். அவன் பாட்டுக்குத் தள்ளிப் போய், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே மேல்மண்ணை வழித்து, கையைத் தட்டி, பையை நிரப்பினான். திரும்பும்போதும் சகலைதான் ஜீப்பை ஓட்டினான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல நடித்தார். ஒரு மேட்டில் வண்டி குலுங்கி அவர் தலை கண்ணாடியில் இடித்தது. அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள் நரகம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு மட்டுமல்ல, முதுகும் குறுகுறுத்தது. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. அவன் கட்டாயம் பார்த்திருப்பான். பார்த்திருந்தால் கட்டாயம் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பான். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் எந்த ரகசியமும் ஒரு ராத்திரி தங்காது. அப்படியானால் தன் மனைவிக்கும் தெரிந்திருக்கும். அவள் சாப்பாடு வைக்கும்போது "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டாலும் அதில் வேறு கேள்வி இருப்பது போலக் கேட்டது. அவன் இடத்தில் தான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கில்தான் அவனையும் அளந்தார்.

வயது பார்த்த முடிவு வந்தது. தள்ளி எடுத்த மணலில் எல்லாம் கிழடு. சகலை சொன்னதுதான் சரி.

நேர்முகத் தேர்வில் நீள மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர். ஆய்வுக்கூடத் தலைவர் என்ற முறையில் நதிமூலம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே சகலை, இஸ்திரி போட்ட சட்டையில்.

"இது உங்க முடிவோட ஒத்துப்போகுது, சரி" என்றார் துறைத்தலைவி. "ஆனா இவரோட பழைய எடத்துல எடுக்காம ஏன் தள்ளிப் போனீங்க? எங்களுக்கு வேண்டியதே அந்த எடம்தானே?"

சகலை மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வழக்கம்போலப் பதில் வர நேரமானது. இப்போது இவன் வாயைத் திறந்தால் தான் தொலைந்தோம் என்று நதிமூலம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"அங்க அண்ணன்தான் தோண்டினாரு மேடம். அவரு சொன்னா நல்லா இருக்கும்" என்றான்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவன் இழுத்துவிடவுமில்லை, மூடி மறைக்கவுமில்லை. பொறுப்பை எடுத்து, பத்திரமாக, அவர் முன்னால் வைத்துவிட்டான்.

நதிமூலம் சொன்னார். கட்டட மணல் கிடந்தது, பம்பு அறை கட்ட லாரியில் வந்தது, தன் பழைய பையில் இருந்தது அதுதான், ஆறும் இல்லை ஒன்றும் இல்லை, சகலையின் சல்லடையில் ஒரு குறையும் இல்லை. "தோண்டிப் பாத்தோம், தெரிஞ்சுது" என்று முடித்தார். தோண்டியதற்கும் தெரிந்ததற்கும் நடுவில் தன் கால் ஒன்று இருந்ததைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மறு ஓரத்தில் இருந்தவர் "லாரியிலயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அதை நதிமூலம் எதிர்பார்த்தார், தாங்கிக்கொண்டார். எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. துறைத்தலைவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத்தனை வருஷப் பேரை ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? இதுதான் சார் நேர்மை" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். சகலையும் தட்டினான். அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சிரித்ததைத் தாங்க முடிந்தது, இதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் கையில் காலில் விழுந்தாவது தீர்த்திருக்கலாம். பாராட்டை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது?

சகலைக்கு வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் அதற்காகவே எல்லோரும் கூடினார்கள். மாமனார் உற்சாகத்தில் இருந்தார். யாரோ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். சின்ன மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார், ஆனால் மனசெல்லாம் பெரிய மாப்பிள்ளை மேல்தான் இருந்தது. "வேலை கெடைக்கிறது பெரிசில்ல. தப்பை நாலு பேருக்கு முன்னாடி ஒத்துக்கிறாரு பாரு, அதுக்குப் பெரிய மனசு வேணும். சின்ன மாப்பிள்ளை, இவரைப் பாத்துக் கத்துக்கணும்."

"ஆமா மாமா" என்றான் சகலை. கேலி இல்லாமல் சொன்னான்.

நதிமூலம் சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். தலையை நிமிர்த்தினார். மனைவி கொழுந்தியாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள், அவள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். இத்தனை மாதத்தில் அந்த மேசையில் அவள் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறாள், எல்லோருக்கும் தெரியும், நான் ஒருத்தன்தான் இங்கே கோமாளி என்று அவருக்குப் பட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"போதும் மாமா" என்றார். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை ஏன் இப்படி மூடி மூடிப் பேசணும்? நான் ஒண்ணும் ஒத்துக்கல. சிமெண்ட் கட்டியப் பாத்ததும் காலால மணலத் தள்ளி மூடினேன். தம்பி பாத்துட்டான். அவன் பாத்ததாலதான் நான் வாயத் தொறந்தேன். இல்லேன்னா இன்னைக்கும் அவன் சல்லடைதான், நான் நதிமூலம்தான். போதுமா?"

மாமனார் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. நதிமூலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மனைவியின் முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. இப்போதுதான் கேட்கிறாள் என்பது மட்டும் அப்பட்டமாகத் தெரிந்தது. கொழுந்தியா தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க இது? நீங்க எங்கிட்டகூடச் சொல்லலையே? அத்தான்தான் அங்கயே கண்டுபிடிச்சு உங்களைக் காப்பாத்தினாருன்னுல்ல சொன்னீங்க? இப்பதான் அக்காகிட்ட நன்றி சொல்லிட்டு இருந்தேன்."

நதிமூலத்துக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒருவரிடமும். இத்தனை நாள் அவர் சந்தேகப்பட்டதெல்லாம் அவனையே அல்ல. தன்னைத்தான் அவன் என்று நினைத்துச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

சகலை தண்ணீர் டம்ளரை எடுத்தான், வைத்தான். எப்போதும்போல நேரம் எடுத்துக்கொண்டான்.

"அண்ணன் சும்மா சொல்றாரு" என்றான் பொதுவாக, மேசையைப் பார்த்து. "நானும் பாத்துட்டுத்தானே இருந்தேன். குழி ஓரம் சரிஞ்சிருச்சு, அண்ணனுக்குக் கால் வழுக்கிருச்சு. அவ்வளவுதான்."

மாமனார் மூச்சு விட்டார். "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். நதிமூலம் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. அவன் அவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்திருந்தான். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கல தம்பி" என்றார் அவர். "தள்ளினேன். ரெண்டு தடவை தள்ளினேன்."